இரண்டு படி இறங்கும் வீடு

முடிச்சூர்,
நவம்பர் கடைசி ஞாயிறு.

அன்பு மாமாவுக்கு,

உங்கள் தனம் எழுதுகிறேன். இயேசுவுக்கே புகழ். நானும் நம் மகள் கிறிஸ்டினாவும் சுகம். மஸ்கட்டில் வெயில் தணிந்திருக்கும், உங்கள் முதுகுவலியும் தணிந்திருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தோடு கோவளத்து நெத்திலிக் கருவாடும், லீவு முடிந்து அங்கே திரும்புகிற உங்கள் ரூம் ஜேசன் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். கருவாட்டை முதலில் பத்திரப்படுத்திவிட்டு, உட்கார்ந்து படியுங்கள். போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவீர்கள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் நான் முழுசாகப் பேசி முடிப்பது கடிதத்தில் மட்டும்தான்.

வீட்டை நான் விற்கவில்லை. கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படியுங்கள்.

நீங்கள் சொன்னபடி லோகநாதன் சாரை வரச் சொன்னது நிஜம். புரோக்கர் கிடையாது, கமிஷன் கிடையாது, நேரடியாக வாங்குகிறவர். "ஒரு ஆணிகூடப் புடுங்க வேணாம்மா, இருக்கிற நெலமையிலயே எடுத்துக்கறேன், பத்து நாள்ல ரிஜிஸ்ட்ரேஷன்" என்றார். ஆனால் கட்டடத்துக்கு மதிப்பே இல்லை, இடித்துத் தள்ளத்தான் வேண்டும், அந்தச் செலவையும் கழித்துக்கொண்டு மனைக்கு மட்டும்தான் விலை என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். ரோடு போட்டுப் போட்டு உயர்ந்து, நம் வீடு தெருவுக்கு இரண்டு படி கீழே போய்விட்டதே. மழைக்காலத்தில் கட்டில்மேல் ஸ்டவ்வை ஏற்றிச் சமைக்கிற வீட்டை வேறு யார் வாங்குவார்கள் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரம் வீட்டைப் பார்க்க ஓர் ஆளை அனுப்பினார். இடிக்கப்போகிற வீட்டில் என்ன பார்ப்பார்கள்? கதவு, ஜன்னல், கம்பி, எதைக் கழற்றி விற்கலாம் என்று பார்ப்பார்கள். இந்த ஆள் அதையெல்லாம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயைப் பிடித்துக்கொண்டு மூலைக்கு மூலை மட்டம் பார்த்தார். சுவரோரம் கொஞ்சம் தோண்டி, அஸ்திவாரம் கல்லா செங்கல்லா என்று பார்த்தார். திருமுடிவாக்கத்துப் பட்டறையில் இரும்புச் சட்டத்துக்கு மட்டம் பார்த்துத்தானே நான் சம்பளம் வாங்குகிறேன்? நிற்கப்போகிற பொருளுக்குத்தான் மட்டம் பார்ப்பார்கள். உடைக்கப்போகிற பொருளுக்கு யாரும் பார்க்க மாட்டார்கள்.

டீ போட்டுக் கொடுத்து மெதுவாகக் கேட்டேன். அவர் ஹரியானாக்காரர், ஆனால் தமிழ் பேசுகிறார். "வீடு நல்ல ஸ்ட்ராங் அக்கா. ஜாக்கி வச்சு நாலு அடி தூக்கலாம். லோகநாதன் சாருக்கு நெறைய வீடு தூக்கிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னார்.

எனக்கு உடம்பெல்லாம் சுட்டது மாமா. நம் வீட்டை மனை விலைக்கு வாங்கி, தூக்கி நிறுத்தி, பெயிண்ட் அடித்து, புது வீடு என்று விற்கப்போகிறார். அவர் பிழைப்பு அது, திட்டி என்ன பிரயோஜனம்? ஆனால் அவர் செய்வதை நாமே செய்தால் என்ன என்று அந்த நிமிஷமே தோன்றிவிட்டது. எங்கள் கம்பெனி இன்ஜினியரைக் கூட்டி வந்து காட்டினேன். தாராளமாகத் தூக்கலாம் என்று அவரும் சொன்னார்.

லோகநாதன் சாரிடம் அட்வான்ஸ் வாங்கியிருக்கவில்லை, அதனால் தைரியமாகப் போன் போட்டு, விற்கவில்லை, நாங்களே தூக்கிக்கொள்கிறோம் என்றேன். விலையை ஏற்றிப் பார்த்தார். நான் மசியவில்லை என்றதும், "ரிஸ்க்குமா! வூடு ரெண்டாப் பொளந்துக்கினா யாரைப் போய்க் கேப்பே?" என்று பயமுறுத்தினார். நீங்கள் தூக்கின வீடெல்லாம் பிளந்துகொண்டதா சார் என்று கேட்டேன். அதோடு போனை வைத்துவிட்டார்.

இரண்டு மாதம் கீழ்க்கட்டளையில் அக்கா வீட்டில் இருந்தோம். அப்போது உங்களிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, யோசித்துப் பாருங்கள். சாமான்களையெல்லாம் எடுத்தாயிற்றா என்று கேட்டீர்கள், எடுத்தாயிற்று என்றேன். ரிஜிஸ்ட்ரேஷன் என்னாயிற்று என்று கேட்டீர்கள், தள்ளிப்போகிறது என்றேன். தள்ளித்தானே போகிறது, இன்னும் போய்க்கொண்டேதான் இருக்கும். செலவுக்கு என் பி.எஃப். பணமும் சீட்டுப் பணமும் போதுமாயிருந்தது. நீங்கள் அனுப்பியதில் கை வைக்கவில்லை.

தூக்கிய அன்று நான் லீவு போட்டுவிட்டு எதிர்ச்சாரியில் நின்றேன். சுவருக்கு அடியில் வரிசையாக ஜாக்கி வைத்து, அதே ஹரியானா மேஸ்திரி குரல் கொடுக்க, எல்லோரும் ஒன்றாகத் திருப்பினார்கள். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம். என் கையிலிருந்த ஜெபமாலை அறுந்தே போயிருக்கும், அப்படி இழுத்துப் பிடித்தேன். பார்த்தால் வாசல்படிக்கும் தரைக்கும் நடுவில் விரல் நுழைகிற அளவுக்கு வெளிச்சம்! மாமா, நீங்கள் அங்கே வெயிலில் நின்று உழைத்துக் கட்டின வீடு மண்ணை விட்டு எழுந்தது. நான் நடுத்தெருவில் நின்று அழுதேன், சிரித்தேன், இரண்டையும் ஒன்றாகச் செய்தேன். எதிர்வீட்டு ரத்தினபாய் அக்கா, "இன்னாடி தனம், உன் வூடு ஏறிக்கினே போவுது!" என்று தெருவையே கூட்டிவிட்டார். சமையல் மேடையில் நான் மறந்து வைத்துவிட்டுப் போன உப்பு ஜாடி, வைத்த இடத்திலேயே இருந்தது.

போன வாரம் மழை வெளுத்து வாங்கியது. வழக்கம்போலத் தெருவில் முழங்கால் தண்ணீர். நம் வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை! ரத்தினபாய் அக்கா தன் அரிசி மூட்டையோடு நம் வீட்டுக்கு வந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்தார்கள். அத்தனை பேருக்கும் நான் தரையில் ஸ்டவ்வை வைத்துச் சமைத்துப் போட்டேன். கட்டில்மேல் கிறிஸ்டினா கால் நீட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். ராணி மாதிரி இருந்தது எனக்கு. மேஸ்திரியின் நம்பரை இதுவரை நாலு வீட்டுக்காரர்கள் வாங்கிப் போயிருக்கிறார்கள். லோகநாதன் சார் பாடு இனி இந்தத் தெருவில் கொஞ்சம் கஷ்டம்தான்.

வந்த விலைக்குத் தள்ளிவிடு என்று நீங்கள் சொன்னது வீட்டின்மேல் வெறுப்பில் இல்லை என்று எனக்குத் தெரியும். போன வருஷ வெள்ளத்தில் என் போன் செத்துப்போன இரண்டு நாளும் நீங்கள் சாப்பிடவே இல்லை என்று ஜேசன் இப்போதுதான் சொன்னார். இனி மழைச் செய்தி பார்த்தால் பயப்படாமல் சாப்பிடுங்கள்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. முன்பு தெருவிலிருந்து இரண்டு படி இறங்கித்தான் வீட்டுக்குள் வருவீர்கள். இப்போது ஐந்து படி ஏற வேண்டும். படிக்குக் கைப்பிடி வைக்கவில்லை. எங்கள் பட்டறையில் சொன்னால் ஒரே நாளில் அடித்துக் கொடுப்பார்கள், நான்தான் வேண்டாம் என்றுவிட்டேன். இந்த வீட்டின் கேட், ஜன்னல் கம்பி எல்லாம் நீங்கள் லீவுக்கு வந்தபோது வெல்டிங் வைத்தவை. இதில் வேறு ஆள் கை படக் கூடாது.

மாதா உங்களுக்குத் துணையிருக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு வாருங்கள். கைப்பிடி வேலை முடிய எத்தனை நாளானாலும் சரி, மாதமானாலும் சரி, வருஷமானாலும் சரி. எனக்கு அவசரமே இல்லை.

என்றும் உங்கள்,
தனம்