கூட்டத்தைத் தொடங்கி வைப்பவர் அம்மா

ஜூலை 5, சனி

ஹென்றி மாமா இன்றும் வந்தார். தம்பி அக்கா வீட்டுக்கு வருவதில் சந்தேகப்பட ஒன்றுமில்லைதான். ஆனால் டை கட்டிக்கொண்டு வந்தார். கிள்ளானில், சனிக்கிழமை மத்தியானம், இந்த வெயிலில் யார் டை கட்டுவார்கள்?

போர்ட் கிள்ளான் கிடங்கில் அம்மா ஷிப்ட் முழுக்க நின்றபடியே பெட்டிகளை ஸ்கேன் செய்கிறார். முட்டி வீங்கிக் கிடக்கிறது. மாமா அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இன்னும் எத்தன வருஷத்துக்குக்கா இப்படியே நிப்ப? பிசினஸ்னா உக்காந்த இடத்துலயே சம்பாதிக்கலாம்லா."

என்ன பிசினஸ் என்று கேட்டேன்.

"மொதல்ல மீட்டிங்குக்கு வா. அப்புறம் தன்னால புரியும்."

கேட்ட கேள்விக்கு அது பதிலா?

ஜூலை 8, செவ்வாய்

அம்மா இந்த மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு மாமாவோடு சேரப் போகிறாராம். அப்பா லோரியோடு ஜொகூரில் இருக்கிறார். போனில் கேட்டால், "அவ காலு, அவ முடிவு" என்றார்.

விற்கப்போவது வாட்டர் பில்டர். யாரும் சொல்லவில்லை, மாமாவின் காரில் பின் சீட் முழுக்க அதன் படம் போட்ட அட்டைப்பெட்டிகளைப் பார்த்தேன். நல்ல பொருளாக இருந்தால் பெயரைச் சொல்வதில் என்ன கூச்சம்?

ஜூலை 10, வியாழன்

பத்தொன்பதாம் தேதி பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் கூட்டம். அதை அம்மாதான் ஆங்கிலத்தில் தொடங்கி வைக்க வேண்டுமாம். எங்கள் மாதா கோயில் ஆட்கள்தான் பாதிப் பேர். அவர்களிடம் எதற்கு ஆங்கிலம்? "அப்பத்தான் தரமா இருக்கும்" என்கிறார் மாமா. சொல்லிக்கொடுக்க வேண்டியது நான்.

ஏன் அம்மா? பேசுவதென்றால் மாமாவுக்குத்தான் உயிராயிற்றே!

"உன் மூஞ்சியப் பாத்தா யாருக்கும் சந்தேகம் வராதுக்கா."

அம்மா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 11, வெள்ளி

பள்ளிப் பேச்சுப் போட்டியில் தொடங்குவதுபோலவே எழுதிக் கொடுத்தேன். மாண்புமிகு விருந்தினர்களே, மதிப்பிற்குரிய பெரியோர்களே, இன்னும் நான்கு வகை வணக்கங்கள், எல்லாம் ஆங்கிலத்தில். அம்மா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "ஏன் ஜெரி, இதுல யாரு மந்திரி? நம்ம கோயில் குளோரியா ஆன்டியா?" என்றார்.

மாமாவுக்கோ ரொம்பப் பிடித்துவிட்டது. "நீளமா இருக்கட்டும், நல்லதுதான்" என்றார்.

நீளம் எதற்கு நல்லது?

ஜூலை 13, ஞாயிறு

நூலகத்தில் எடுத்த புத்தகம் வேறு மாதிரி சொல்கிறது. வணக்கம் ஒரு வரி போதும். வந்ததற்கு நன்றி. உடனே எதற்காகக் கூடியிருக்கிறோம் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும். எப்போது முடியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதுதான் வந்தவர்களுக்குத் தரும் மரியாதை.

பூசை முடிந்து மாமா சாப்பிட வந்தபோது படித்துக் காட்டினேன்.

"ஐயோ, அதெல்லாம் கடைசிலதான் சொல்லணும். மொதல்லயே சொன்னா எந்திரிச்சுப் போயிடுவாங்கலா!"

அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். அம்மா பக்கத்தில்தான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா, தெரியவில்லை. கத்தி நிற்கவில்லை.

ஜூலை 16, புதன்

ஒத்திகை. குட் மார்னிங் நன்றாக வருகிறது. நன்றியும் வருகிறது. 'இன்று உங்கள் வாழ்க்கை மாறப் போகிறது' என்று மாமா கொடுத்த வரிதான் அம்மாவின் வாயில் நுழையவே மாட்டேன் என்கிறது. உச்சரிப்பு கஷ்டமில்லை. பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்.

"எப்படி மாறும்னு யாராச்சும் கேட்டா நான் என்னடி சொல்றது?"

"தெரியலம்மா."

வேலையை விடாதீங்க என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அப்புறம் அந்த முட்டியைப் பார்த்தேன்.

ஜூலை 17, வியாழன்

சொல்லிக்கொடுக்கிறேனே, அப்படியென்றால் நானும் கூட்டுத்தானே?

ஜூலை 19, சனி

கோமுட்டர் ரயிலில் போனோம். மண்டபத்தில் ஏசி அதிகம். முன்வரிசையில் குளோரியா ஆன்டி, பட்டுச் சேலையில். சுற்றி எங்கள் கோயில் ஆட்கள். பின்னால் தெரியாத முகங்கள். மாமா மேடையேறி, "குட் மார்னிங்! கேக்கலையே! குட் மார்னிங்!" என்று மூன்று முறை கத்தவைத்தார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்.

அம்மா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஒரு வணக்கம். ஒரு நன்றி. அப்புறம் நிதானமான ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக: உங்களிடம் வாட்டர் பில்டர் விற்கக் கூடியிருக்கிறோம். பிறகு அதை உங்கள் சொந்தக்காரர்களிடம் விற்கச் சொல்வோம். பன்னிரண்டு மணிக்கு முடிந்துவிடும்.

அவ்வளவுதான். மைக்கைக் கொடுத்துவிட்டார்.

யாரும் கைதட்டவில்லை. குளோரியா ஆன்டி தமிழில் சத்தமாகக் கேட்டார்: "இதுக்கா மேரி? கோயில்லயே சொல்லிருந்தா அங்கயே வேணாம்னு சொல்லிருப்பேன்லா. டோல் கட்டி வந்தேன்!"

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். அப்புறம் வரிசை வரிசையாக.

மாமா "அக்கா!" என்றது மைக்கில் கேட்டது.

ஜூலை 20, ஞாயிறு

நேற்று ரயிலில் கேட்டேன்.

"தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

"நீதான மொதல்லயே சொல்லணும்னு சொன்ன."

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் சொன்னது உண்மைதான். ஆனாலும் அது முழுப் பதில் இல்லை. இத்தனை நாள் மாமாவை மட்டும்தான் கவனித்திருக்கிறேன். அம்மாவைக் கவனிக்கத் தவறிவிட்டேனோ?

ஜூலை 24, வியாழன்

மாமா போனை எடுப்பதில்லை. அம்மா மறுபடி மறுபடி கூப்பிட்டுப் பார்க்கிறார். மாமாவுக்குப் பிடித்த நண்டுப் பிரட்டல் செய்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டுமே, ஏன் இல்லை?

ஜூலை 28, திங்கள்

அம்மா வேலையை விடவில்லை. காலை ஷிப்டுக்குப் போய்விட்டு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். தைலம் தேய்த்துவிட்டேன்.

"சூப்பர்வைசர்கிட்ட பேசினேன்" என்றார். "உக்காந்து செய்யற வேலை கவுன்டர்ல ஒண்ணு இருக்கு. எனக்குக் குடுங்கன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"பாக்கறேன்னாரு."

"கிடைக்குமாம்மா?"

"தெரியல. இத்தன வருஷத்துல இன்னிக்குத்தான் கேட்டிருக்கேன்" என்றவர், இன்னொரு காலையும் நீட்டினார்.