செப்டம்பருக்கு நட்ட லீக்ஸ்

மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவியும் கையிலிருந்து லீக்ஸ் மணம் போகவில்லை. இந்தக் கையோடுதான் உமக்கு எழுதுகிறேன். இன்று காலை லண்டன் எட்மண்டன் தோட்டத்தில், உம்முடைய பாத்தியிலிருந்து ஒன்பது லீக்ஸ் கிண்டி எடுத்தேன். ஒவ்வொன்றும் என் மணிக்கட்டுத் தடிப்பு. மேல்மண் உறைந்து கிடந்ததால் மண்வெட்டி இறங்க அடம்பிடித்தது. உம்முடைய மகள் ரம்யா பையை விரித்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். நின்றவள் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாள். அதற்குப் பிறகு இரண்டு பஸ் மாறி எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று எனக்குத் தெரியாது.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அம்மா இதை செப்டம்பர்லயே வெட்டி சமைக்கணும்னு ரொம்ப ஆசைப்பட்டாங்க ஆன்ட்டி. பிப்ரவரிலயே டாக்டர் சொல்லிட்டாரு, குளிர்காலம் வரைக்கும் தாங்காதுன்னு. அதான் சீக்கிரம் வர்ற விதையா தேடி வாங்கினாங்க. பாவம், செப்டம்பருக்குள்ள அதுவும் வளரல."

பிப்ரவரியிலேயே! நவம்பரில் உம்முடைய செத்தவீட்டில் நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் தெரியுமா? "ஒரு கிழமைதான் காய்ச்சல். நிமோனியா. திடீரெண்டு போயிட்டா." உற்ற சிநேகிதி என்ற உரிமையில் சொன்னேன். புற்றுநோய் என்ற சொல்லை இன்றைக்குத்தான், உம்முடைய பாத்தியோரத்தில், கையில் மண்ணோடு கேட்டேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தீராம். அந்த யாரில் நானும் அடக்கமா? பன்னிரண்டு வருடம் ஒரே குழாயில் வாளி நிரப்பியவர்கள் அல்லவா நாம்? மறைப்பானேன், முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அந்தக் கோபம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. செப்டம்பரில் உம்முடைய லீக்ஸ் ஏன் வளரவில்லை என்பது எனக்குத் தெரியும்.

கவுன்சில் வாடகைக்கு விடும் தோட்டத்துக்கு ஆறு வருடம் காத்திருந்தேன். கடைசியில் ஆளுக்குப் பாதித் துண்டு என்றார்கள். மறுபாதி உமக்கு வந்தது. முதல் வருடம் நீர் வெண்டியும் கத்தரியும் போட்டீர். வெண்டி பூக்க முன்னமே லண்டன் வெயில் முடிந்துவிட்டது. நானோ வரிசையாக லீக்ஸ் நட்டிருந்தேன். வேலி ஓரமாக வந்து எட்டிப் பார்த்து, "இது என்னங்க, இவ்ளோ பெரிய வெங்காயத்தாளு?" என்று கேட்டீர்.

"வெங்காயத்தாளோ! இது லீக்ஸ். நுவரெலியாவில இருந்து எங்கட சந்தைக்கு வாறது. குளிரிலதான் இதுக்குக் கொண்டாட்டம்," என்றேன்.

அன்று தொடங்கிய வாத்தியார் வேலையை நான் விடவே இல்லை. நீர் மதுரைக்காரி, மருந்துக் கடையில் முப்பது வருடம் மாத்திரை எண்ணிக் கொடுத்தவர். உமக்கா சொல்லித் தெரியவேண்டும்? ஆனாலும் சொல்வேன். மாசியில் சன்னலோரத் தட்டில் விதையைத் தூவ வேண்டும். நாற்று பென்சில் தடிப்பு வந்த பிறகு ஜூனில் நட வேண்டும். எட்டு விரற்கடை ஆழத்துக்குக் குழி போட்டு, நாற்றை உள்ளே விட்டு, தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும், மண் போட்டு மூடக்கூடாது. இதெல்லாம் நான் உத்தரவாகவே சொல்வேன். எனக்கு நீர் கலெக்டரம்மா என்று பேர் வைத்தீர். பொங்கலுக்கு முதல் நாள் இருவருமாகப் போய் உறைமண்ணில் லீக்ஸ் கிண்டுவோம். நான் தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்வேன், நீர் சாம்பாரில் போடுவீர். பதினொரு பொங்கல் அப்படிப் போயிற்று.

போன ஜூனில் உம்முடைய தட்டில் இருந்தது வேறு இனம். விதைப் பாக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். ஓகஸ்ட் கடைசியிலிருந்து வெட்டலாம், உறைபனி தாங்காது என்று போட்டிருந்தது.

"உமக்கென்ன விசரே? இது தை பிறக்க முதல் அழுகிப்போயிடும். பொங்கலுக்கு என்னத்தைக் கிண்டுறது?"

"உங்க பாத்தியில இருக்கும்ல? எனக்கு இந்த வருஷம் சீக்கிரம் சாப்பிடணும்போல இருக்கு. விடுங்களேன்."

"சின்னப்பிள்ளை மாதிரி அவசரப்படாதையும்."

"கலெக்டரம்மா உத்தரவு போட்டாச்சா? அப்ப நான் மனுதான் குடுக்கணும்," என்று சிரித்தீர். சிரித்துக்கொண்டே இருபத்துநான்கு நாற்றையும் நட்டீர். குனிய ஏலாமல் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்து நட்டீர். முழங்கால் நோ என்றீர், நம்பினேன். உடம்பு பாதியாக இருந்தது. சர்க்கரைக்கு டயட் என்றீர், அதையும் நம்பினேன். "நல்லா மெலிஞ்சு வடிவா வந்திட்டீர், எனக்கும் அந்த டயட்டைச் சொல்லும்," என்று வேறு கேட்டேனே, ஐயோ!

அடுத்த கிழமை சென்னையில் கலியாணம் என்று மூன்று வாரம் காணாமல் போனீர். கலியாணமும் இல்லை, சென்னையும் இல்லை, ஆஸ்பத்திரி என்று இன்று ரம்யா சொல்கிறாள். நீர் போன மறுநாள் காலை நான் உம்முடைய பாத்திக்குள் இறங்கினேன். என் தட்டில் பிந்தி வரும் இனத்து நாற்று மிஞ்சிக் கிடந்தது. பனியென்ன, ஆலங்கட்டி என்ன, எதற்கும் அசையாமல் தை மாசி வரை நிற்கிற இனம். நாற்றில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. உம்முடையதை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அதே குழியில் என்னுடையதை விட்டுத் தண்ணீர் ஊற்றினேன். பிடுங்கியதை வேறெங்காவது ஒரு மூலையில் நட்டேனா? அதுவும் இல்லை. குப்பைக் குவியலில் எறிந்தேன். பொங்கலன்று சொல்லலாம், வாயைப் பிளப்பீர், கலெக்டரம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒப்புக்கொள்வீர் என்று கனவு கண்டேன். நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தானே. வீடு போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே சந்தோஷம்.

திரும்பி வந்த பிறகும் ஏதேதோ சாட்டுச் சொல்லித் தோட்டத்துப் பக்கம் வராமல் இருந்துவிட்டு, செப்டம்பர் கடைசியில்தான் வந்தீர். அதுதான் நீர் தோட்டத்துக்கு வந்த கடைசி நாள் என்று எனக்குத் தெரியாது. ரம்யா காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனாள். குளிரும் இல்லாத நாளில் கம்பளித் தொப்பி போட்டிருந்தீர். கையில் ஒரு கத்தியும் துணிப்பையும் கொண்டு வந்திருந்தீர். பாத்தியில் நின்றதெல்லாம் சுண்டுவிரல் தடிப்பு. நீர் ஒன்றை இழுத்து எடுத்து இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர். முந்தி வருவதற்கு இலை வெளிர்ப்பச்சை. பிந்தி வருவதற்கு நீலம் ஓடிய கரும்பச்சை. நாற்றில் தெரியாதது அப்போது நன்றாகவே தெரிந்தது.

"இது நான் நட்டதா?" என்று கேட்டீர்.

"பின்ன? உம்மட பாத்தியில வேற ஆர் வந்து நடுறது? இந்த வருசம் வெயில் காணாது. பொங்கல் மட்டும் பொறுத்திரும், தடிக்கும்."

என் முகத்தை ஒரு கணம் பார்த்தீர். பிறகு இழுத்த லீக்ஸைத் திரும்பக் குழியில் வைத்து மண்ணை அணைத்தீர். "சரி. தடிச்சதும் நீங்க எடுத்துச் சாப்பிடுங்க," என்றீர். வாதாடாமல் விட்டுவிட்டீரே, தோல்வியை ஒப்புக்கொண்டீர் என்று நினைத்துக்கொண்டு நான் என் பூசணியைப் பார்க்கப் போய்விட்டேன். இப்போது அந்த முகம் எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. மாத்திரை எண்ணிய கண்ணுக்கு இலையின் நிறம் பிடிபடாமல் போகுமா? உமக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வெறும் துணிப்பையை மடித்துக்கொண்டு காரில் ஏறினீர்.

இன்று ரம்யாவிடம் சொல்லாமல் வந்திருக்கலாம். "அம்மாவோட லீக்ஸ நீங்கதான் காப்பாத்தியிருக்கீங்க, தேங்க்ஸ் ஆன்ட்டி," என்று அவள் என் கையைப் பிடித்தாள். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு வர எனக்கு ஏலாமல் போயிற்று. தோட்டத்துக் கேற்றைப் பூட்டும்போது சொல்லிவிட்டேன். பிடுங்கியது, எறிந்தது எல்லாவற்றையும் ஒரு மூச்சில் சொன்னேன்.  அழுவாள், இல்லையென்றால் கத்துவாள் என்று காத்து நின்றேன்.

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே ஆன்ட்டி," என்றாள். பிறகு, "நான் கொஞ்ச நாள் கழிச்சுப் பேசுறேன்," என்று பையைக் கேற்றடியில் வைத்துவிட்டுக் காருக்குப் போனாள். ஒரு லீக்ஸ்கூட எடுக்கவில்லை. ஒன்பதும் இப்போது என் சமையலறை மேசையில் கிடக்கின்றன. சமைக்கவும் மனம் வரவில்லை, எறியவும் கை வரவில்லை.

ரம்யா பேசினாலும் பேசாவிட்டாலும் அவள் சொன்னது நியாயம். நாற்றை மாற்றியது என் திமிர். அதைக்கூட அறியாமல் செய்த பிழை என்று ஆர்ச்வே கோயிலில் முருகன் முன்னால் போய் நின்று சொல்லிக்கொள்ளலாம். செப்டம்பரில் சொன்ன பொய்க்கு அப்படி ஒரு சாக்கும் இல்லை. நீர் கேட்டீர், எனக்கு விடை தெரியும். "ஓம், நான்தான் மாத்தினனான்" என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? நீர் ஏசியிருப்பீர். ஏசி முடித்துவிட்டு, ஏன் அவசரப்பட்டீர் என்பதையும் என்னிடம் சொல்லியிருப்பீர். சொல்லத்தான் வாய் எடுத்தீரோ என்றுகூட இப்போது தோன்றுகிறது. நான் பொய்யால் அந்த வாயை அடைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் உமக்கு ஆறு கிழமை மிச்சம் இருந்தது. தெரிந்திருந்தால் தினமும் வந்திருப்பேன். கடை லீக்ஸ் வாங்கியாவது வறை செய்து கொண்டுவந்து உம்முடைய கட்டிலடியில் இருந்திருப்பேன், நீர் உப்புக் காணாது என்று குறை சொல்லியிருப்பீர். உம்முடைய வீடு என் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி. அந்த ஆறு கிழமையும் எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. நான் சும்மா வீட்டில்தான் இருந்தேன்.