ஜான்சியின் கேசட்டுக்கு ஒரு பட்டன் செல்

ஜூன் 9, 2025

மறுபடியும் கேமை முதல் ஊரிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். மத்தியானம் கடைசிப் பாலம்வரை போய்விட்டாளாம். அதற்குள் பென்சில் பேட்டரி தீர்ந்து திரை இருட்டிவிட்டது. அணைந்தால் போதும், கேசட்டுக்கு எல்லாம் மறந்துவிடும். அந்தக் கோபத்தில் எழுந்து வீட்டைப் பெருக்கியிருக்கிறாள் ஜான்சி.

டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லியிருக்கிறார். போன வருஷம் ஐந்தாம் மாதத்தில்தான் பிள்ளை தங்காமல் போனது. இப்போதும் ஐந்தாம் மாதம். குயிலாப்பாளையம் கெஸ்ட் ஹவுஸில் அவளோடு வேலை செய்த யுவராணி அக்கா, அங்கே தங்கினவர் யாரோ விட்டுப்போன இந்தக் கையடக்க வீடியோ கேமைக் கொடுத்துவிட்டுப் போனார். அது ஓடுகிறவரை படுத்திருக்கிறாள், நின்றால் எழுந்துவிடுகிறாள். என் பிள்ளைக்கு இப்போது காவல் ஒரு கேசட்.

ஜூன் 10

கேசட்டைத் திறந்து பார்த்தேன். டூப்ளிகேட். ஆட்டத்தைச் சேமிக்கிற நினைவு சிப்புக்கும், அணைத்த பிறகு அதற்குக் கரண்ட் கொடுக்கிற பட்டன் செல்லுக்கும் போர்டில் இடம் விட்டிருக்கிறார்கள், பொருளைத்தான் வைக்கவில்லை. இலை போட்டுவிட்டுச் சோறு போடாத பந்தி. உப்பள மோட்டாருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற எனக்கு இது ஒரு வேலையா?

“நாளைக்கே முடிச்சிடுறேன்” என்றேன்.

“பாத்ரூம் லைட்டையும் நாளைக்கேன்னுதான் சொன்னீங்க” என்றாள். அப்படிச் சொன்னது பொங்கலுக்கு முன்னால்.

ஜூன் 12

பாண்டியில் சிப்பும் செல்லும் கிடைத்தன. மோட்டாருக்கு ஈயம் வைக்கிற அதே தடி சால்டரிங் அயர்னை நேராகச் செல்லின் முதுகில் வைத்தேன். டப் என்று வெடித்து, பறந்துபோய் மாதா படத்துக்குப் பின்னால் விழுந்தது. ஜான்சி தலையைக்கூடத் திருப்பவில்லை. “வேண்டுதலா?” என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 14

ஈயம் வைக்கத் தகரக் கால் வைத்த செல்லாகப் பார்த்து வாங்கி, சின்ன அயர்னால் பற்றவைத்தேன். ராத்திரி சேவ் ஆனது. காலையில் காலி.

டயோடு போட மறந்திருக்கிறேன். மோட்டார் நின்றதும் ஃபுட் வால்வு மூடாவிட்டால் பைப்பில் ஏறின தண்ணீரெல்லாம் திரும்ப இறங்கிவிடும். இங்கே டயோடுதான் ஃபுட் வால்வு. அது இல்லாததால், கேமை அணைத்ததும் செல்லின் கரண்ட் போர்டு முழுக்கப் பாய்ந்து தீர்ந்துவிட்டது. மரக்காணம் பூராவும் ஃபுட் வால்வு மாட்டுகிறவன் நான். வெளியே சொல்லக்கூடாது.

கேம் தொடங்கும்போது ஹீரோவுக்குப் பெயர் கேட்கிறது. அவள் வெறும் இங்கிலீஷ் ‘ஏ’ என்று ஒற்றை எழுத்தை அடித்துவிட்டுப் போய்விடுகிறாள். நல்ல பேராய் வைக்கக்கூடாதா என்றேன்.

“அழியப்போறதுக்கு எதுக்குங்க பேரு?”

கேசட்டைத்தான் சொன்னாளா? பிள்ளைக்குப் பெயர் பேச்சை எடுத்தாலும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். கேட்கப் பயமாக இருக்கிறது.

ஜூன் 17

டயோடு போட்டாயிற்று. ஒரு நாள் நின்றது. அப்புறம் காலி.

ஜூன் 19

வேற செல் போட்டேன். அதுவும் போச்சு. இன்னிக்கு வாளி நிறையத் துணி துவைச்சு வச்சிருக்கா. கத்திட்டேன். கத்தியிருக்கக்கூடாது. சாயங்காலம் அடிவயிறு இழுக்குதுன்னா — வண்டிய எப்படி ஓட்டினேன்னே தெரியல. டாக்டர் பார்த்துட்டு பிள்ளை நல்லா இருக்குதுன்னு சொன்னப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

ஜூன் 20

வேலை முடிந்து வந்தால் கேசட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். என் கண்ணெதிரே போர்டை நாக்கால் தொட்டாள்.

“கரிக்குது.”

“இன்னா?”

“உப்புக் கரிக்குதுங்க. இத தொடுறதுக்கு முன்னாடி கை கழுவுறீங்களா இல்லையா?”

“தினமும் கழுவிட்டுத்தான் வர்றேன்.”

“எங்க?”

உப்பளத்து வாய்க்காலில். பாத்திக்குப் போகிற உப்புத் தண்ணீர். பிறந்ததிலிருந்து கழுவுகிற இடம் அதுதான். அந்த உப்பு சிப்பின் கால்களுக்கு நடுவே படிந்து, கடல்காற்றில் ஈரமாகி, செல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்திருக்கிறது. அவள் சிரித்த சிரிப்பில் வயிறு குலுங்கியது. சிரிக்காதே, படு என்று கெஞ்ச வேண்டியதாயிற்று.

ஜூன் 22, ஞாயிறு

பூசைக்குப் போய்வந்து, நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினேன். ஸ்பிரிட்டில் நனைத்த டூத்பிரஷ்ஷால் போர்டைத் தேய்த்தேன். (பிரஷ் அவளுடையது என்று பாதியில்தான் தெரிந்தது.) புதுச் செல். காற்றுப் படாமலிருக்க மேலே அவளே நெயில் பாலிஷ் பூசினாள். ரோஸ் கலர்.

ஜூன் 23

இருக்கிறது.

ஜூன் 24

இருக்கிறது. பாத்ரூம் லைட்டையும் மாட்டிவிட்டேன். கொழுப்புதான்.

ஜூலை 3

ஸ்கேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். போன வருஷம் எங்களை உட்காரவைத்துச் சொன்ன அந்த நாளைத் தாண்டிவிட்டோம். இரண்டு பேருக்கும் அது தெரியும். பஸ்ஸில் நிலக்கடலை வாங்கித் தின்றோம்.

ஜூலை 6, ஞாயிறு

கடைசிப் பாலத்தையும் தாண்டிப் போனவள் இன்று திரும்ப முதல் ஊரில் நிற்கிறாள். பதறிப்போனேன். செல் போய்விட்டதா?

“செல்லெல்லாம் நல்லாத்தான் இருக்குது. நான்தான் அழிச்சேன்.”

“இத்தன நாள் ஆடினத எதுக்கும்மா அழிச்ச?”

“பேரு மாத்த வேற வழி இல்லங்க.” கேமை என் கையில் கொடுத்தாள்.

திரையின் மூலையில், ஹீரோவின் தலைக்கு மேலே: நிலா.

“முழுப்பேரு தமிழ்நிலா. இங்கிலீஷ்ல ஏழு எழுத்துக்கு மேல அடிக்க விடல.”

“பையனா இருந்தா?”

“அப்ப பாத்துக்கலாம்.” அவள் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அணைச்சுப் பாருங்க.”

மனசு வரவில்லை. அவள் மறுபடியும் சொன்னதால் அணைத்தேன். திரை இருண்டது. போட்டேன். இருந்தாள்.