இரண்டு பக்கமும் நிலக்கரி

அன்பான எங்கள் வீட்டு இன்ஜினியருக்கு,

நீங்கள் போனபின் உங்கள் கம்ப்யூட்டரை நான்தான் துடைத்து வைக்கிறேன். துடைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நம் பிள்ளைகளுக்கு நீங்கள் செய்துவைத்திருந்த ஒன்றைக் கெடுத்துவிட்டேன்.

ராஜபாளையத்து மில்லில் வாழ்நாளெல்லாம் மெஷினோடு கிடந்த மனிதர், ஓய்வு பெற்றபின் திரையில் தொழிற்சாலை கட்டி விளையாடியதை எவ்வளவு கேலி செய்திருப்பேன். நீங்கள் சட்டை செய்யவில்லை. கோயம்புத்தூரிலிருந்து சீலனையும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மெர்சியையும் ஞாயிறு மதியங்களில் அந்த விளையாட்டுக்குள் இழுத்து வந்தீர்கள். மகனுக்கு மேற்கு, மகளுக்குக் கிழக்கு. இரும்பும் செம்பும் நிலக்கரியும் எந்த மண்ணில் எவ்வளவு கிடைக்க வேண்டும் என்பதை விளையாட்டின் போக்கில் விடாமல் நீங்களே எழுதிச் சேர்த்தீர்கள். அதற்கு மாட் என்று பெயர் என்றும் சொன்னீர்கள். நான் காது கொடுத்தேனா?

அந்த மதியங்களில் ஸ்பீக்கர் சத்தத்தில் என் தூக்கம் கெடும்.

“ஏட்டி, நிலக்கரி ரயிலு எங்கட்டி? எம் பாய்லரு பூரா அணைஞ்சு கெடக்கு.”

“நீ மொதல்ல இரும்ப அனுப்புண்ணே. பொறவு பாப்போம்.”

ரயில் வந்து சேரும்வரை சும்மா இருக்க முடியாதே. அதற்குள் அவன் முட்டி வலியும் அவள் மாமியாரின் சர்க்கரையும் பேச்சில் வந்துவிடும். நீங்கள் வாயே திறக்காமல் சிரித்துக்கொண்டிருப்பீர்கள்.

அதற்கு முன் அவர்களுக்குள் சண்டை ஏதும் இருந்ததில்லை. பேச ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். பண்டிகைக்கு ஒரு படம் அனுப்பிக்கொள்வார்கள். அப்படி வளர்த்தவளும் நான்தான். ஒருவரிடம் ஒருவர் கேட்டு நிற்கக் கூடாது என்று பென்சில் சீவி முதல் குடை வரை இரண்டாக வாங்கினேன். ஒரு சைக்கிள் போதும் என்றீர்கள். இரண்டு வாங்க வைத்தேன்.

உங்களுக்குப் பிறகு சில மாதங்கள் யாரும் அதைத் திறக்கவில்லை. மெர்சிதான் முதலில் கேட்டாள், அப்பா எழுதிய அந்த ‘மாட்’ ஃபைலை எடுத்து அனுப்பும்மா, புது நிலத்தில் முதலிலிருந்து ஒரு மேப் ஆரம்பிக்கிறோம் என்று. சீலன் போனில் வழி சொல்ல, திறந்து பார்த்தேன். கணக்கில் பிழையைக் கண்டால் எனக்குக் கை சும்மா இராது. கான்வென்ட் சிஸ்டர்கள் அப்படித்தான் பழக்கினார்கள். மேற்கே இரும்பு ஏராளம், நிலக்கரி பூஜ்யம். கிழக்கே நிலக்கரி ஏராளம், இரும்பு பூஜ்யம். இரும்பு இல்லாமல் அங்கே ஒரு மெஷினும் செய்ய முடியாது என்று எனக்கே தெரியும். பெண்பிள்ளைக்கு ஓர வஞ்சனை செய்துவிட்டாரே என்று நினைத்தேன். உங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே உங்களை அப்படி நினைத்தேன்.

எண்களை மாற்றினேன். இரண்டு பக்கமும் எல்லாம் சமமாக. சமமாக மட்டுமல்ல, தாராளமாகவும். யாரிடமும் சொல்லவில்லை. அனுப்பிவிட்டு, ஒரு தவறைத் திருத்திய திருப்தியோடு காபி குடித்தேன்.

புது மேப்பில் சில வாரம் பேச்சுச் சத்தம் இருந்தது. பிறகு குறைந்தது. பிறகு ஆளுக்கொரு நேரத்தில் வந்து போனார்கள். ஆட்டம் இன்னும் உங்கள் கம்ப்யூட்டர் வழியாகத்தான் ஓடுகிறது; அதன் திரையில் பார்த்தேன். மேற்கே புகை, கிழக்கே புகை, நடுவில் ஒரு தண்டவாளம்கூட இல்லை.

மெர்சியிடம் ஏன் என்று கேட்டேன். “அண்ணன்கிட்ட கேக்கதுக்கு என்னம்மா இருக்கு? எம்புட்டு வேணுமோ அம்புட்டும் எம்பக்கமே கெடக்கு.” குறையாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

சீலன் கொஞ்சம் யோசித்துச் சொன்னான். “அப்பா மேப்புல அவளக் கேக்காம ஒரு வேலை ஓடாது. இது வேற மாதிரி விழுந்துட்டு. நல்ல மேப்புதான், ஆனா செத்த நேரத்துல அலுத்துப் போவுதும்மா.”

தானாக விழுந்தது என்று நம்புகிறான். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.

உங்கள் எண்களை அப்படியே திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. ஏன் என்று நெட்டில் தேடிப் படித்தேன். அவர்கள் கண்ணில் பட்ட நிலம் பட்டபடியேதான் இருக்குமாம். இனிப் போய்ப் பார்க்கும் நிலத்துக்குத்தான் புது எண் செல்லுமாம். நான் வாரி வைத்ததை எல்லாம் தோண்டித் தீர்த்து அவர்கள் எல்லை தாண்ட எத்தனை வருடமோ. அதுவரை நான் இருப்பேனா?

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அந்த இரண்டு பூஜ்யங்களையும் தெரிந்துதான் போட்டீர்களா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள். கேட்கும் வழக்கம் எனக்குத்தான் இருந்ததில்லை.

வாக்குக் கொடுக்கிறேன். வரும் ஞாயிறு இருவரையும் ஒரே அழைப்பில் கூப்பிட்டு, இதைச் செய்தவள் நான்தான் என்று என் வாயால் சொல்வேன். கட்டியதை அழித்துவிட்டு உங்கள் எண்களோடு மறுபடி தொடங்குவதா வேண்டாமா என்பதை அவர்களே பேசி முடிவு செய்யட்டும். நான் இடையில் ஒரு வார்த்தை பேச மாட்டேன். இருவரும் சேர்ந்து என்னைத் திட்டட்டும். நீங்கள் செய்ததைப் போல நானும் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

சீலனுக்கும் மெர்சிக்கும் தாயான,
உங்கள் மனைவி