வாயில் கவ்விய குண்டூசிகள்

அக்கா,

உங்கள் ஊசித் தலையாணி இன்று காலையில் தையல் விட்டுப் பிரிந்துவிட்டது. கிழிசலுக்குள்ளிருந்து உங்கள் முடி எட்டிப் பார்த்தது. தேங்காய் எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. சாமிக்கு விளக்கேற்றப் போனவள் தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

தலைவாரிச் சேர்த்த முடியை நீங்கள் அதற்குள் அடைத்தபோதே சண்டை பிடித்தேன்.

"உதிர்ந்த முடியை வீட்டுல வச்சா மூதேவி வந்துருவாக்கா."

"வரட்டும், அவளுக்கும் ஒரு சட்டை தைச்சுக் குடுப்போம். எண்ணெ முடியில குத்துனா ஊசி துருப்புடிக்காதுடி."

துருப்பிடிக்கவில்லைதான்.

நம்முடையது ஒரே சுவரின் இரண்டு பக்கத்து வீடுகள். உங்கள் சட்டையை நான் தைப்பேன், என்னுடையதை நீங்கள். ஆளைத் தொட்டு அளக்காமல் கத்தரியை எடுக்கவே விடமாட்டீர்கள். "போன வருஷ அளவு போன வருஷ உடம்புக்கு" என்பீர்கள். கடையில் சிங்களத்தில் 'அல்பெனெத்தி' என்று கேட்டு வாங்கிய குண்டூசிகளை வாயில் வரிசையாகக் கவ்விக்கொண்டுதான் வேலை. பதில் சொல்லப் பிடிக்காத கேள்வி வந்தால் இன்னும் இரண்டைக் கவ்விக்கொள்வீர்கள். ஊசி வாயோடு யார் பேசுவது?

மகள் கல்யாணத்துக்கு மாதுளை நிறச் சேலை எடுத்தீர்கள். அளவு நாடாவோடு வந்தேன்.

"வேணாம். பழைய சட்டைய வச்சே வெட்டு."

"நீங்களா சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன். வெட்டுங்க, பெரிய டெய்லரம்மா."

"மெலிஞ்சு போயிருக்கீங்க. உடம்புக்கு என்னக்கா?"

தலையாணியிலிருந்து குண்டூசிகளைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டீர்கள்.

கல்யாணத்தன்று மாதா கோயிலில் சேலைத் தலைப்பால் தோளைப் போர்த்திக்கொண்டே நின்றீர்கள். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. மார்பில் கட்டி, முற்றிவிட்டது என்றார்கள். "அம்மாவுக்கு முந்தியே தெரியுமாம் ஆன்டி. கல்யாணம் நின்னுருமுன்னு பயந்தாங்களாம்" என்றாள் உங்கள் மகள்.

யார் நிறுத்தியிருப்பார்கள்? உங்களைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றி கிளினிக்குக்கு அழைத்துப் போனது அந்த மாப்பிள்ளைதானே? முன்னமே சொல்லியிருந்தால் முன்னமே கூட்டிப் போயிருப்பான். அளக்காமல் வெட்டினால் துணி வீணாகும் என்று ஊருக்கே சொன்ன உங்களுக்கு, உங்கள் உடம்பு ஒரு முழத் துணிக்குக்கூடப் பெறாமல் போயிற்றா?

சவப்பெட்டியில் வைக்குமுன் அதே சேலையையும் சட்டையையும் உடுத்தினோம். சட்டை தொளதொளவென்று கிடந்தது. முதுகுப்பக்கம் மடித்து மடித்துக் குண்டூசி குத்தினேன். சுற்றிலும் எல்லாரும் ஒப்பாரி வைத்தார்கள். என் வாய் நிறைய ஊசி. உங்களைத் திட்டக்கூட முடியவில்லை.

அந்தக் கோபத்தை மாரியம்மனிடம் சொன்னேன். உங்கள் மாதா சொரூபத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றியும் சொன்னேன். இருவருமே அதை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை.

தலையாணியிலிருந்த குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு அதைத் திரும்பத் தைத்துவிட்டேன். முடியை எறிய மனம் வரவில்லை. முடிச்சுப் போடும்போதே, பல்லேபொலவிலிருந்து ஒரு பெண் சட்டைத் துணியோடு வந்தாள்.

"பழைய அளவே போதும் அக்கா."

வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து ஒவ்வொன்றாக உங்கள் முடிக்குள் குத்தினேன். நாடாவை எடுத்தேன்.

"ஏன்க்கா கோவமா இருக்கீங்க?"

"கோவம் உங்க மேல இல்லம்மா. கையைத் தூக்குங்க."