மெழுகில் மிச்சமிருந்தது

அண்ணா,

இன்று காலை உன்னை ஐஸ் தட்டில் கவிழ்த்து வைத்தேன். உன்னை என்றால், ஆறு வருடத்துக்கு முன் உன் நுரையீரலிலிருந்து எடுத்த ஒரு துணுக்கை. அரை எள் அளவுகூட இராது. எங்கள் லேபின் பின்னறை இரும்பு டிராயரில், ஒரு மெழுகுக் கட்டிக்குள் இத்தனை நாளும் பத்திரமாக இருந்தது. டிராயரை இழுத்ததும் மெழுகு வாசனை முகத்தில் அடித்தது. நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் "வந்துட்டாபா மெழுவத்தி" என்று கிண்டல் செய்வாயே, அந்த வாசனை. தினமும் அதிலேயே கிடப்பதால் எனக்கு அது தெரிவதே இல்லை. இன்று தெரிந்தது.

டாக்டரம்மா கேட்டதால்தான் எடுத்தேன். மாணவர்களுக்குக் காட்டுவதற்கென்று ஒரு மரப்பெட்டியில் ஐம்பது அறுபது ஸ்லைடுகள் வைத்திருக்கிறோம். அதில் உன்னுடையதும் ஒன்று. பெயர் கிடையாது, நம்பர் மட்டும்தான். இந்த டாக்டரம்மா வந்து இரண்டு வருடம் ஆகிறது. அந்த நம்பர் யார் என்று அவருக்குத் தெரியாது.

"அந்தக் கல்தூசி கேஸ் ஸ்லைடு கலரெல்லாம் போயிடுச்சும்மா. பிளாக் இருக்குமில்ல? புதுசா ஒண்ணு வெட்டிக் கொடுத்துடுங்க" என்றார்.

"சரி மேடம்" என்றேன்.

பிளாக் என்றால் அந்த மெழுகுக் கட்டிதான். அதை மெஷினில் மாட்டி, தலைமுடியைவிடப் பல மடங்கு மெலிதாகச் சீவ வேண்டும். சீவச் சீவ உள்ளே இருக்கும் துணுக்கு குறைந்துகொண்டே போகும். பழைய கட்டியைத் திரும்ப மாட்டினால் இன்னொரு நஷ்டமும் உண்டு. பிளேடும் கட்டியும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை முதல் சில சீவல்கள் வீணாகத்தான் போகும். உன் கட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வெள்ளை மெழுகுக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி. உன்னை மண்ணில் வைத்துவிட்டு வந்தோம். கலர் போன அந்த ஸ்லைடை விட்டால், மண்ணுக்கு மேலே உன்னில் மிச்சம் இருந்தது அந்தப் புள்ளி மட்டும்தான். "பிளாக் காலி மேடம்" என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். யாரும் வந்து சரிபார்க்க மாட்டார்கள். ஏன் சொல்லவில்லை என்று எனக்கே தெரியவில்லை. நீ போனதிலிருந்து எல்லாம் அப்படித்தான். யாராவது ஒரு வேலை சொன்னால் கை செய்துவிடுகிறது, மனசு கூட வருவதில்லை.

கட்டி நன்றாகக் குளிர அரை மணி நேரம் ஆகும். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

நான் டிப்ளமா முதல் வருடம் படிக்கும்போது, செல்லைப் பற்றி வகுப்பில் பேசச் சொன்னார்கள். மர்பி டவுன் வீட்டுத் தரையில் சார்ட் பேப்பரை விரித்து, செல்லை ஒரு தொழிற்சாலை மாதிரி வரைந்துகொண்டிருந்தேன். புத்தகங்களில் அப்படித்தான் சொல்லிக்கொடுப்பார்கள். சுற்றிலும் சவ்வு, அது காம்பவுண்டு சுவர். யாரை உள்ளே விடுவது, யாரை விடக் கூடாது என்று பார்க்கிற செக்யூரிட்டியும் அதுவே. நடுவில் உட்கரு, அது ஆபீஸ். மைட்டோகாண்ட்ரியா கரண்ட் எடுக்கும் இடம். குப்பையைக் கரைத்து ஒழிக்கும் ஆளுக்கு லைசோசோம் என்று பெயர். நீ பொம்மசந்திரா கிரானைட் பாலிஷ் யூனிட்டில் ஷிப்டு முடித்து, புருவமெல்லாம் வெள்ளைத் தூசியோடு வந்து தலைக்கு மேலே நின்றாய்.

"இன்னா பாப்பா இது, எங்க கம்பெனியா?"

"செல்லுண்ணா. உன் ஒடம்பு பூரா இதான் கீது. கோடி கோடியா."

"லீவு உண்டா இதுல?"

"கெடையாது."

"அப்ப எங்க கம்பெனிதான்."

பிறகு குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக விசாரித்தாய். லைசோசோம்தான் உனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. "எங்க யூனிட்ல தூசி அள்ள ஒருத்தன் கெடையாது. இதுல கீறான் பாரு. இவன் ஒரு நாள் வரலன்னா மொத்த கம்பெனியும் நாறிடும்" என்றாய். அன்று முதல் வீடு பெருக்கும் அம்மாவுக்கு லைசோசோம் என்று பெயர் வைத்தாய். அம்மா அது ஏதோ கெட்ட வார்த்தை என்று நினைத்துத் துடைப்பத்தோடு உன்னைத் துரத்தினாள்.

அந்த வருடம் காலேஜில் கண்காட்சி வைத்தபோது உன்னையும் கூட்டிப்போனேன். பல்குச்சியால் உன் கன்னத்தின் உள்பக்கத்தை லேசாகச் சுரண்டி, கண்ணாடியில் தடவி, ஒரு சொட்டு நீலச் சாயம் விட்டுக் காட்டினேன். எந்தக் கண்ணை மூடுவது என்று தெரியாமல் இரண்டையும் மூடிக்கொண்டு, "ஒண்ணும் தெரில பாப்பா" என்றாய். அப்புறம் தெரிந்தது. வெளிறிய செல்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் நீலமாக உட்கரு. வெகுநேரம் குனிந்தே இருந்தாய். உனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது.

"இதுல நான் எங்க கீறேன்?"

"எல்லாமே நீதாண்ணா."

"இத்தன பேரா? யாரு சோறு போடறது?" என்றாய். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

பதிலுக்கு நீயும் உன் இடத்தைக் காட்டுவதாகச் சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை யூனிட்டுக்கு அழைத்துப்போனாய். மூன்று பஸ் மாறினோம். இப்போது அங்கே மெட்ரோவே போகிறது. நீ பாலிஷ் போட்டு முடித்த ஒரு கறுப்பு கிரானைட் பலகையைத் துணியால் துடைத்து, "பாலிஷ் ஏறினா மூஞ்சி தெரியணும், பாரு" என்றாய். என் முகம் தெரிந்தது, பக்கத்தில் உன் முகமும் தெரிந்தது. நான் "சூப்பரா கீதுண்ணா" என்றேன். தரையில், கூரைத் தகட்டில், உன் தண்ணீர்ப் பாட்டிலில் எங்கும் வெள்ளையாகத் தூசி. செல்லைப் படம் போட்டு மார்க் வாங்கிய எனக்கு, அந்தத் தூசி உனக்குள் எங்கே போகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. இதை நினைத்தால் மட்டும் இன்றும் என் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

இருமல் வந்தது. டிபி என்று சொல்லி ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். கேட்கவில்லை. கடைசியில் மூச்சுக்குழாய் வழியாகக் குழாய் விட்டுத் துணுக்கு எடுத்தார்கள். அந்த ஆஸ்பத்திரி வழக்கமாக வேறு லேபுக்குத்தான் அனுப்பும். அந்த வாரம் எங்களுக்கு அனுப்பியது எனக்குத் தெரியாது.

இப்போது சொல்லப்போவதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்லைடுக்குச் சாயம் ஏற்றியதும், சாயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். என்ன வியாதி என்று படிப்பது டாக்டர் வேலை. அன்று இருபது ஸ்லைடுகள் இருந்தன. பதினொன்றாவதை வைத்தேன். உட்கரு நல்ல நீலம், மற்றதெல்லாம் நல்ல ரோஜா நிறம். நடுவில் நார் நாராகச் சுழித்துக்கொண்டு ஒரு வட்டம், அதைச் சுற்றிலும் தூசியை விழுங்கி உப்பிய பெரிய பெரிய செல்கள். வெளிச்சத்தைத் திருப்பும் கண்ணாடியைப் போட்டால் அந்தத் தூசி பொடிப்பொடியாக மின்னியது. அப்படி ஒரு ஸ்லைடு என் கையில் அதுவரை வந்ததில்லை. பக்கத்து மேஜை ரெஜினாவைக் கூப்பிட்டேன். "ஏய், இங்க வந்து பாரேன், எவ்ளோ அழகா வந்திருக்குன்னு" என்றேன். அவளும் பார்த்தாள். "சாயம் செமயா பிடிச்சிருக்குடி" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. சிரித்துக்கொண்டே நம்பரைச் சரிபார்க்கப் படிவத்தைப் புரட்டினேன். உன் பெயரும் வயதும் மர்பி டவுன் விலாசமும் இருந்தன.

ரெஜினா தோளைத் தொட்டது தெரிந்தது. மிச்சம் ஒன்பது ஸ்லைடுகளையும் பார்த்து முடித்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். "லேப்ல இன்னா இன்னிக்கு?" என்று எப்போதும் போலக் கேட்டாய். "ஒண்ணுமில்லண்ணா, எப்பவும்போலத்தான்" என்றேன். ரிப்போர்ட் வர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் நீ இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டு, ஒன்றும் இருக்காது என்று அம்மாவுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் ரசம் ஊற்றினேன்.

ரிப்போர்ட் வந்த பிறகு, "அத நான் பாக்கணும் பாப்பா" என்றாய். அப்போதிருந்த பெரிய டாக்டரிடம் அனுமதி வாங்கி உன்னை அழைத்துப்போனேன். ஒரே ஒரு மாடி. மூன்று இடத்தில் நின்று நின்று ஏறினாய். இந்த முறை எந்தக் கண்ணை மூடுவது என்று உனக்குத் தெரிந்திருந்தது.

"இந்தக் குண்டு குண்டா கீறது இன்னா?"

"அதுதாண்ணா நுரையீரல்ல குப்பை அள்ற செல்லு. தூசிய முழுங்கிடும். ஆனா கல்லு அதுக்கு செரிக்காது. உள்ள கீற லைசோசோம் கிழிஞ்சிடும். செல்லு செத்து, தூசி வெளிய வந்துடும். அத இன்னொரு செல்லு வந்து முழுங்கும்."

"அதுவும் செத்துடுமா?"

"ம்."

"அப்புறம் இன்னொண்ணு வருமா?"

"வரும்ண்ணா."

கண்ணை எடுக்காமலே, "பாவம். அதுங்களுக்கு யாரும் சொல்லல போல" என்றாய். அப்புறம், "இதுல நான் எங்க கீறேன்?" என்று கேட்டாய்.

கண்காட்சியில் சொன்ன மாதிரி, எல்லாமே நீதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஸ்லைடில் தழும்பும் தூசியும் தூசி தின்ற செல்களும்தான் இருந்தன. நல்லதாக ஒரு செல்லைத் தேடி ஸ்லைடை இப்படியும் அப்படியும் நகர்த்தினேன். கிடைக்கவில்லை. நான் தவிப்பது உனக்குத் தெரிந்துவிட்டது. தலையை நிமிர்த்தி, "பாலிஷ் நல்லாத்தான் ஏறிகீது பாப்பா" என்று சிரித்தாய். அதே மேஜையில் நானும் ரெஜினாவும் ரசித்ததை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நீ திட்டியிருக்க மாட்டாய். நான் சொல்லவில்லை. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் நீ போய்விட்டாய்.

இன்று கட்டி குளிர்ந்ததும் எடுத்து மாட்டினேன். இருபது வருடத்தில் எந்தக் கட்டிக்கும் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. திருகைத் துளித்துளியாகத் திருப்பி மட்டம் பார்த்தேன். அப்படியும் முதல் ஐந்து சீவல்கள் கிழிந்து வீணாயின. சீவல்களை விரிக்கிற வெந்நீர்த் தொட்டியில் மிதந்த அந்தத் துண்டுகளை டிஷ்யூ பேப்பரால் வழித்துக் குப்பையில் போடுவதுதான் வழக்கம். இன்றும் வழித்துப் போட்டேன். ஆறாவது முழுசாக வந்தது. அதைக் கண்ணாடியில் ஏந்தினேன். ஏழாவதில் நடுவில் ஓட்டை, எட்டாவதில் வெறும் மெழுகு. உன் கட்டி முடிந்துபோனது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். அந்தச் சுழித்த வட்டம் இல்லை. துணுக்கின் அடிப்பக்கம் வரை போனதில் வேறு இடம் வந்திருந்தது. மூச்சுக்குழாயின் உள்தோல். உயரமான செல்கள் தோளோடு தோள் சேர்த்து ஒரே வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் அடியில் நீலமாக உட்கரு, தலையில் பொடிப்பொடி மயிர். உள்ளே வரும் தூசியை மேலே தள்ளிவிடுகிற மயிர் அது. ஒன்றுகூடக் கலையாமல் இருந்தது. தூசி ஒரு பொட்டுக்கூட இல்லை. அன்று கண்காட்சியில் நீ இருந்த மாதிரி நானும் வெகுநேரம் குனிந்தே இருந்தேன்.

டாக்டரம்மா பார்த்தார். "இதுல ஒண்ணுமே இல்லையேம்மா. எல்லாம் நார்மல். பசங்களுக்கு இது யூஸ் ஆகாது. பிளாக்ல இன்னும் இருக்கா?"

"இல்ல மேடம், தீந்துபோச்சு."

"சரி விடுங்க. இதை டிஸ்கார்டு பண்ணிடுங்க."

உடைந்த கண்ணாடி போடும் டப்பா வரை போனேன். போடவில்லை. டிஷ்யூ பேப்பரில் சுற்றி மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அல்சூர் வரை மெட்ரோவில் நின்றுகொண்டே வந்தேன். சீட்டு காலியாகத்தான் இருந்தது. உட்கார்ந்தால் எங்கே பையின் மேல் யாராவது சாய்ந்துவிடுவார்களோ என்று பயம்.

வீட்டில் டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஒரு ரோஜாப் பொட்டு, அவ்வளவுதான் தெரிகிறது. வெறும் கண்ணுக்கு அதற்கு மேல் தெரியாது. ஆனால் நான் பார்த்துவிட்டேன். இதுல நான் எங்க கீறேன் என்று இரண்டு முறை கேட்டாய். இரண்டாவது முறைக்கு இப்போதுதான் பதில் சொல்ல முடிகிறது. ஓரமாக, ஒரே வரிசையில், தூசி படாமல் கீறே அண்ணா. சாயம் நன்றாகப் பிடித்திருக்கிறது.