பத்துச்சீட்டு கேட்டவளின் அப்பாவுக்கு

என் தங்க அப்பா,

எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூட உங்களுக்கு வராது. நான் போட்ட கடிதங்களையெல்லாம் பக்கத்துக் காம்பரா பாக்கியம் சித்தியின் மகள்தான் உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள். நீங்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் யார் வாசித்துக் காட்டுவார்கள்? தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். ஊரார் படித்தால் படிக்கட்டும். நாம் இரண்டு பேரும் ஒளித்து ஒளித்துப் பட்டதெல்லாம் போதும்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். டாக்டரிடம் வேலையை விட்டுவிட்டேன். பதறாதீர்கள், எனக்கு யாரும் பத்துச்சீட்டு கொடுக்கவில்லை. நானாகத்தான் வந்தேன். இப்போது பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்து மருந்துச்சாலையில் இருக்கிறேன். மாதம் முடிந்தால் சம்பளம் கைக்கு வருகிறது. முதல் சம்பளம் வாங்கிய அன்று எனக்கு அழுகைதான் வந்தது. அதைக் கொண்டுவந்து கொடுக்க நீங்கள் இல்லையே அப்பா.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பத்துச்சீட்டு என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு தொழிலாளியின் பெயரை வெட்டி, தோட்டத்து லயத்தில் அவன் குடியிருக்கும் காம்பராவைவிட்டு அனுப்பும்போது கையில் கொடுக்கிற துண்டுதான் பத்துச்சீட்டு. அது வந்தால் இருக்க இடமில்லை. அது இல்லாமல் போனால் வேறு தோட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். நம் லயத்தில் கைக்குழந்தையைத் தவிர எல்லோருக்கும் அந்தப் பயம் உண்டு. நான் நர்ஸ் வேலை படித்தவள். வெள்ளைக் கவுனும் தொப்பியும் போட்டவள். ஆனாலும் அந்தப் பயத்தை லயத்திலேயே விட்டுவிட்டு வர எனக்குத் தெரியவில்லை.

டவுனில் டாக்டர் நடத்திய அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு நீங்கள்தான் என்னைக் கொண்டுவந்து விட்டீர்கள். நோர்வூட்டில் பஸ் ஏறியதிலிருந்து என் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கேட்டவர்களிடமெல்லாம், "நம்ம நர்சம்மாங்க" என்று சொன்னீர்கள். கேட்காதவர்களிடமும் சொன்னீர்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளுக்குள் பிடித்தும் இருந்தது.

கொஞ்ச நாள் சம்பளம் ஒழுங்காக வந்தது. பிறகு "அடுத்த மாசம் சேர்த்துத் தாறேன்" என்றார். அடுத்த மாதமும் அதே பேச்சு. வீட்டுக்கு வரும்போது நான் வெறுங்கையோடு வந்ததற்கு, "பேங்குல போடுறாங்கப்பா" என்று உங்களிடம் பொய் சொன்னேன். பேங்க் என்றதும் நீங்கள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஏழு மாதம் இப்படிப் போனது. பொறுக்க முடியாமல் ஒரு நாள் காலையில் டாக்டரின் அறைக்குப் போய் நின்றேன்.

"ஐயா, சம்பளம் தராட்டி நான் போறேங்க. எனக்குப் பத்துச்சீட்டக் குடுத்திருங்க."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் இப்போதுதான் புரிகிறது. அதுவரை என்னை எதைச் சொல்லிப் பிடித்து வைப்பது என்று அவருக்குத் தெரியாது. நானே எடுத்துக் கொடுத்தேன்.

"பத்துச்சீட்டா? அதெல்லாம் தர ஏலாது. அது இல்லாம எந்தத் தோட்டத்துல உன்னைச் சேர்க்கிறான்னு பார்ப்போம். மீறிப் போனா உங்க அப்பனுக்கு ஒரு பத்துச்சீட்டு வரும். உங்க தோட்டத்துத் துரை எனக்குக் கூட்டாளி, தெரியுமில்ல?"

 முப்பது வருடம் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை உங்களுடையது. அந்தக் காம்பராவை விட்டால் எங்கே போவீர்கள்? தோட்டத்து ஆட்களுக்கு வோட்டும் இல்லை என்று சொல்லிவிட்ட நாட்டில் உங்களுக்கு அந்த ஒரு கதவுதான் இருந்தது. போய் ஊசிகளைக் கொதிக்க வைத்தேன். உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆனால் நம் தோட்டத்து ஆள் ஒருவர் அன்றைக்கு மருந்து வாங்க வந்து வெளியே உட்கார்ந்திருந்திருக்கிறார். பாதி காதில் வாங்கி, மீதியைத் தானாகச் சேர்த்து, டாக்டர் உங்கள் மகளுக்குப் பத்துச்சீட்டு கொடுக்கப் போகிறார் என்று உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறார்.

மறு வாரமே நீங்கள் வந்தீர்கள். புண் கட்டும் அறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கம்பளியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கி, தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, வாசற்படிக்குக் கீழே நின்றீர்கள்.

"அறியாத பிள்ளைங்க சாமி. எதாவது தப்பாப் பேசியிருந்தா மன்னிச்சிருங்க. பத்துச்சீட்டு மட்டும் குடுத்துறாதீங்க."

ஏழு மாதமாகச் சம்பளம் தராத மனிதரிடம், என்னை வேலையில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுகிறீர்கள்! அவர் ஜன்னல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வெளியே வந்து, நோயாளிகள் எல்லோரும் பார்க்க உங்களிடம் கத்தினேன்.

"உங்கள யாரு இங்க வரச் சொன்னது? போங்கப்பா!"

நீங்கள் கொண்டுவந்த ரொட்டிப் பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனீர்கள். நான் உங்களிடம் கடைசியாகப் பேசிய பேச்சு அதுதான். அதன் பிறகு இரண்டு மாதம் நான் வீட்டுப் பக்கம் வரவில்லை. வைராக்கியமாம்! என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சளிக் காய்ச்சல் என்று சேதி வந்து நான் ஓடி வந்தபோது, சித்தி வாசலில் தலையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். எத்தனை பேருக்கு ஊசி போட்டிருப்பேன், அப்பா. உங்கள் கையைத் தொட்டபோது அது குளிர்ந்து போயிருந்தது.

கருமாதி முடிந்த அன்று கணக்கப்பிள்ளை வந்தார். "ஒங்க அப்பா பேர வெட்டியாச்சும்மா. மாசக் கடைசிக்குள்ள காம்பராவ விட்டுறணும்" என்றார். பாவம், அவரும் சங்கடப்பட்டுத்தான் சொன்னார். நான் அவரிடம், துரையிடம் எங்கள் டவுன் டாக்டர் அப்பாவைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

"டவுன் டாக்டரா? நம்ம துரைக்கு அந்தாளு யாருன்னே தெரியாதே."

அவ்வளவுதான். அந்தக் கூட்டாளிக் கதைக்கு நான் பயந்த பயம் அத்தனையும் வெறும் வாய்ச்சொல்லுக்கு.

மறுநாள் பெட்டியை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே கூட்டிப் பெருக்கும் சோமா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் சிங்களத்தி. தமிழை அவளுக்கு வந்தபடி பேசுவாள்.

"அப்பா ரெண்டு ஞாயிறு வந்தது தங்கச்சி. மேல டாக்டர் மாத்தயா பங்களா இருக்குதானே, அங்க லீக்ஸ் பாத்தி கொத்தினது. நல்ல மழை. நான் சொன்னது, மகள்கிட்டச் சொல்றேன்னு. அப்பா வேணாம் சொன்னது. 'பிள்ள வேல நிலைக்கணும், அதுக்குத்தான்' சொன்னது."

இரண்டு ஞாயிறும் நான் கீழே வார்டில்தான் இருந்தேன். ஒரு மைல் தூரம்கூட இல்லை. நீங்கள் மழையில் நின்று கொத்தினீர்கள். நான் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். உங்கள் பெயரை வெட்டிவிடுவார்களே என்று நான் இருந்தேன். என் பெயரை வெட்டிவிடுவார்களே என்று நீங்கள் வந்தீர்கள். ஒரு வாய் பேசியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து எழுந்து போயிருப்போமே, அப்பா?

பெட்டியோடு டாக்டரின் அறைக்குப் போனேன். அவர் பழைய பல்லவியைத் தொடங்கினார். பத்துச்சீட்டு இல்லாமல் வெளியே போனால் என்று ஆரம்பித்தார்.

"நீங்களே வச்சிக்கிங்கய்யா. எங்கப்பா செத்துட்டாரு" என்றேன்.

என்னைப் பிடித்து வைக்க அவரிடம் அதற்குமேல் எதுவும் இல்லை. உங்கள் சாவுதான் எனக்குக் கிடைத்த பத்துச்சீட்டு. மகள் எழுதக்கூடிய வார்த்தை இல்லை இது. ஆனாலும் உண்மை அதுதான்.

பூண்டுலோயாவில் மருந்துக்கார ஐயாவிடம் வேலை கேட்கப் போனபோது, என்னிடம் பத்துச்சீட்டு இல்லையே என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். வயதான மனிதர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "நர்ஸுக்கு ஏதும்மா பத்துச்சீட்டு? நீ என்ன அங்க கொழுந்தா பறிச்ச? பிரசவம் பாப்பியா, அதச் சொல்லு" என்றார். நானும் சிரித்தேன். பிறகு மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சம்பளத்தைக் கேட்டு சர்க்காரின் லேபர் கந்தோரில் மனு கொடுத்திருக்கிறேன். டாக்டர் ஆள் அனுப்பினார். மனுவைத் திரும்ப வாங்காவிட்டால் மருந்து திருடினேன் என்று பொலிசில் எழுதி வைப்பாராம். பயமாகத்தான் இருக்கிறது, உங்களிடம் என்ன மறைப்பு. சோமா அக்கா சாட்சிக்கு வருகிறேன் என்றிருக்கிறாள். அவளுக்கும் மூன்று பிள்ளைகள். அவள் வராவிட்டாலும் குறை சொல்ல மாட்டேன்.

மனு எழுதிய கிளார்க்கிடம் உங்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமையையும் எழுதச் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டார்.

"அவரு அங்க வேலையாள் இல்லையே தங்கச்சி. எறந்தும் போயிட்டாரு. எப்படி எழுதுறது?"

"வேல செஞ்சாருங்க" என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் எழுதவில்லை.

அடுத்த மாதம் விசாரணை. அன்றைக்கு ரயிலேறி அந்தக் கந்தோருக்குப் போவேன். டாக்டரும் அங்கே வருவார். திருடி என்பார், என்னவும் சொல்லட்டும். எனக்குத் தரவேண்டியதைக் கேட்பதற்கு முன்னால் உங்கள் பெயரைச் சொல்வேன். அதை எழுதிக்கொள்ளும்வரை நாற்காலியில் உட்கார மாட்டேன். தோட்டத்தில் வெட்டிய பெயரை அங்கே பதிந்துவிட்டுத்தான் வருவேன், அப்பா. இது சத்தியம்.

அந்த ரொட்டியை நான் சாப்பிட்டேன். அதையும் உங்களிடம் சொல்லவில்லை.

கவ்வாத்துக்கார முத்துவேல் மகள்,
ராசம்மா